கேகாலை ஏற்றத்தில் ஒரு வில்லிஸ்

கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாதையில் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று எதிரே வந்தால், வளைவு திரும்பி அது கண்ணில் படுவதற்கு முன்னரே சத்தம் வந்துவிடும். கொழுந்து ஏற்றும் கன்டர் லொறியின் சத்தம். ஒதுங்கி நின்று பார்த்தால் வருவது ஒன்பது பிளவு வைத்த இராணுவ முகப்பு, மட்டமான பொனட், மடித்துப் படுக்க வைக்கக்கூடிய முன்கண்ணாடி. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில் செய்த வண்டி. பொனட்டைத் தூக்கினால் உள்ளே உட்கார்ந்திருப்பது ஜப்பான் டீசல்.

ஜீப் வாங்க வருகிறவர் எந்த வருடத்து வண்டி என்று பிறகுதான் கேட்பார். முதல் கேள்வி, "என்ன என்ஜின் போட்டிருக்கு?" பதில் பெரும்பாலும் மிட்சுபிஷி 4 டி.ஆர். 5, இல்லாவிட்டால் நிசான் டி.டி. 27, அதுவும் இல்லாவிட்டால் டொயோட்டா 2சி. "வந்த என்ஜின்தான்" என்று யாராவது சொன்னால், கேட்டவர் ஒரு கணம் யோசிப்பார். மலைக்கு வேண்டியவர் என்றால் விலையைக் குறைப்பார். சேகரிக்கிறவர் என்றால் விலையைப் பற்றிப் பேசாமலே முற்பணம் கொடுப்பார்.

பழைய காருக்குப் பெரிய என்ஜின் ஏற்றுவது அமெரிக்காவில் ஒரு தனிப் பைத்தியம். அதற்கு ஒரு பிறந்த வருடமும் சொல்வார்கள். 1960களில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனிக்குள் ஒரு விதி இருந்தது: நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் வைக்கக் கூடாது. அதே கம்பெனியின் பொன்டியாக் பிரிவில் பொறியியலாளராக இருந்த ஜோன் டிலோரியனும் கூட்டாளிகளும் விதியை மீறாமல் மீறினார்கள். 1964 மொடல் டெம்பஸ்ட் காருக்கு 389 கன அங்குல வி-8 என்ஜினைக் 'கேட்டால் கிடைக்கும் மேலதிகப் பொருள்' என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு ஜி.டி.ஓ. என்று பெயர். 325 குதிரைவலு. முதல் வருடத்திலேயே 32,450 வண்டிகள் விற்றன. 'மஸில் கார்' என்று உலகம் சொல்லும் வகை அங்கிருந்துதான் பெருகியது. காப்புறுதிக் கட்டணமும் புகைச் சட்டமும் 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பத்து வருடத்துக்குள் அதை முடக்கின. மிஞ்சிய கார்களுக்கு இன்று அங்கே நடப்பது, 1997 கோர்வெட்டோடு வந்த எல்.எஸ். வகை அலுமினிய வி-8 என்ஜினைத் தூக்கி வைப்பது. எல்லாம் வேகத்துக்காக.

ஜி.டி.ஓ. பிறந்த அந்த வருடங்களில் இலங்கையின் கதவு மூடிக்கொண்டிருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதியில் கை வைத்துவிட்டார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இருந்ததை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. இந்த நாட்டு மெக்கானிக்கைச் செதுக்கியது அந்தக் காலம்தான் என்பேன். மொரிஸ் மைனருக்கு டட்சன் என்ஜின், லேண்ட் ரோவருக்கு இசுசு டீசல் என்று பொருத்துகிற கை அப்போது பழகிய கை. பெரிய அமெரிக்க வி-8 காரை மலையகத்தில் தேடி அலைய வேண்டாம். எங்களுக்குக் கிடைத்த அமெரிக்க வண்டி ஜீப்தான்.

அது இந்த வழியாகத்தான் வந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறி, பேராதனைப் பூங்காவில் குடியேறியது. கொழும்பில் இறங்கிய படை வண்டிகள் வரக்காபொல, கேகாலை, மாவனெல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றம் ஏறித்தான் கண்டியை எட்ட வேண்டும். 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் போட்ட வீதி அது. யுத்தம் முடிந்ததும் மிச்சப்பட்ட ஜீப்புகள் விலைக்கு வந்தன. இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டிகள். வீதியில் மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்று பின்னால் அதை எழுதி வைத்து ஓட்டினார்கள். தோட்டத் துரைமாருக்கு அந்த ஜீப் வரப்பிரசாதம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் மலைகளில் மழை பெய்து முடிந்த பாதை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஜீப் பிறந்த கதையே என்ஜினைத் திருத்திய கதை என்பது பலருக்குத் தெரியாது. 1938இல் வில்லிஸ் கம்பெனிக்கு வந்த டெல்மர் ரூஸ் என்ற பொறியியலாளருக்குக் கிடைத்தது 48 குதிரைவலுக் கார் என்ஜின் ஒன்று. புதிதாக ஒன்று செய்யக் காசு இல்லை. இருந்ததையே பகுதி பகுதியாகத் திருத்தி 60 வரை கொண்டுவந்தார். 1940இல் அமெரிக்க இராணுவம் சின்ன வண்டி ஒன்று கேட்டபோது பான்டம், ஃபோர்ட், வில்லிஸ் மூன்றும் போட்டிக்கு வந்தன. மற்ற இரண்டும் நாற்பத்துச் சொச்சத்தில் மூச்சு வாங்க, வில்லிஸ் 60 குதிரைவலுவோடு ஏறிப் போனது. இராணுவம் அதையே எடுத்தது. 'கோ டெவில்' என்று அந்த என்ஜினுக்குப் பெயர். 2,199 சி.சி., நான்கு சிலிண்டர், வால்வுகள் தலையில் இல்லாமல் பிளொக்கின் பக்கவாட்டில். கையில் ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் உள்ள எவரும் கழற்றிப் பூட்டலாம்.

அப்படி நல்ல என்ஜினை ஏன் கழற்றினார்கள்?

மலை ஏற முடியாமல் என்று நினைத்தால் தவறு. கணக்குப் பார்ப்போம். யுத்தக்கால ஜீப்பின் முதல் கியரில் என்ஜின் 2.665 தரம் சுற்றினால் கியர்பொக்ஸ் ஒரு தரம் சுற்றும். 'லோ' போட்டால் அதை இன்னும் 1.97ஆல் பெருக்க வேண்டும். பின்னால் டிஃபரன்ஷியலில் 4.88. மூன்றையும் பெருக்கினால் என்ஜின் ஏறத்தாழ 26 தரம் சுற்ற, சக்கரம் ஒரே ஒரு தரம் சுற்றுகிறது. இந்தப் பெருக்கல் இருக்கும்வரை அறுபது குதிரை போதும். செங்குத்தான சுவரைத் தவிர எதையும் ஏறும். பிரச்சினை குடியில். ஆளை வைத்துப் பெற்றோல் ஊற்ற வேண்டும் என்று பழைய டிரைவர்மார் பகிடி பண்ணுவார்கள். உதிரிப்பாகம் அடுத்த பிரச்சினை. பிஸ்டன் ரிங் ஒன்றுக்காக வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க எந்தத் தோட்டத்துக்கும் நேரம் இல்லை. 1977க்குப் பிறகு ஜப்பான் வான்களும் லொறிகளும் வந்து குவிந்தன. அவற்றின் என்ஜினும் பாகங்களும் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எந்நேரமும் கிடைத்தன. டீசல் விலையும் பெற்றோலைவிட எப்போதும் குறைவாகவே இருந்தது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

4 டி.ஆர். 5 இந்த ஜீப்புக்கு எப்படி இவ்வளவு பொருந்திப் போனது என்பதற்கு இரத்த உறவு ஒரு காரணம். மிட்சுபிஷி 1950களின் தொடக்கத்தில் வில்லிஸ் கம்பெனியிடம் உரிமம் வாங்கி ஜப்பானில் ஜீப் செய்யத் தொடங்கியது. 1998 வரை நிறுத்தவில்லை. இந்தியாவில் மஹிந்திரா செய்ததும் அதே வழியில்தான். இரண்டும் எடுத்துக்கொண்டது 1953இல் வந்த சி.ஜே. 3பி மொடலை. அதில் உயரமான புது என்ஜின் வைத்ததால் பொனட்டையே உயர்த்த வேண்டியிருந்தது. அந்த மேடு தட்டிய மூஞ்சிக்குக் காரணம் அதுதான். அந்த உயர்ந்த பொனட்டுக்குள் மிட்சுபிஷி பிறகு டீசலை வைத்தது. 2,659 சி.சி., 80 குதிரைவலு. கன்டர் லொறியிலும் அதே குடும்பத்து என்ஜின்தான். ஆக, லொறியிலிருந்து இறக்கினாலும் ஜீப்பிலிருந்து இறக்கினாலும் வில்லிஸுக்குள் போகிறது ஒரு தூரத்துச் சொந்தம்.

எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 60க்குப் பதில் 80 குதிரை என்பது அமெரிக்க மஸில் கார்க்காரர் சிரிக்கும் கணக்கு. ஆனால் மலையில் பேச்சு குதிரைவலு பற்றியதே இல்லை. "இழுவை எப்படி?" என்றுதான் கேட்பார்கள். கோ டெவிலின் இழுவை 14.5 கிலோகிராம் மீட்டர். 4 டி.ஆர். 5இல் 18. கால்வாசி கூடுதல். அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 2,200 சுற்றில் ஓடும்போதே முழு இழுவையும் வந்துவிடுகிறது. இன்னொன்று: கோ டெவில் உச்சமாக 4,000 சுற்றில் ஓடும், இந்த டீசல் 3,700 அளவில். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பழைய டிஃபரன்ஷியலை மாற்றாமலே வண்டி ஒழுங்காக ஓடுகிறது. இதற்குப் பதிலாக 6,000 சுற்றுவரை கத்துகிற பெற்றோல் கார் என்ஜினை வைத்தால் தோட்டப் பாதையில் அதன் பலம் முக்கால்வாசி வெளியே வராது. சிலர் அப்படியும் வைத்திருக்கிறார்கள். ஆசை யாரை விட்டது.

எட்டியாந்தோட்டைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் வேலை நடந்துகொண்டிருந்ததைப் பார்க்கப் போனேன். கராஜ்காரர் தோட்டத்து லொறி டிரைவர் ஒருவரின் மகன். ஊரே அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுகிறது. தகரக் கூரையின் குறுக்குக் கம்பியில் செயின் பிளொக் தொங்க, அதில் டீசல் என்ஜின் தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே மூக்கில்லாத ஜீப். பொனட், ரேடியேட்டர், முகப்பு எல்லாம் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு பையன் செயினைக் கண்ணி கண்ணியாக இறக்க, பாஸ் குனிந்து முன் அச்சுக்கும் என்ஜின் அடிக்கும் நடுவே விரல்களை விட்டுப் பார்த்தார். "ரெண்டு விரல் வேணும் தம்பி. இங்க ஒண்டுதான் போகுது." ஜீப்பின் முன் டிஃபரன்ஷியல் என்ஜினுக்கு அடியிலேயே இருக்கிறது. ஜப்பான் என்ஜினின் ஒயில் சம்ப் அங்கேதான் தொங்குகிறது. பள்ளத்தில் விழுந்து வில்லுகள் அமுங்கும்போது அச்சு மேலே வந்து சம்பில் அடித்தால் ஒயில் முழுக்கப் பாதையில். ஆகவே சம்பைக் கழற்றி, வெட்டி, வேறு உருவத்தில் ஒட்ட வேண்டும். என்ஜின் மறுபடியும் மேலே போனது.

"என்ஜின வைக்கிறது ஒரு கிழமை வேல," என்றார் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு. "மத்ததெல்லாம் செய்யத்தான் ரெண்டு மாசம். ஆனா வாறவங்க என்ஜினுக்கு மட்டும்தான் காசு கொண்டு வாறாங்க."

அந்த 'மத்ததெல்லாம்' என்ன என்பதில்தான் நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் வித்தியாசம். மாட்டு வண்டியில் குதிரையைப் பூட்டினால் முதலில் உடைவது அச்சாணிதான். இருபத்தாறால் பெருகும் இழுவையில் கால்வாசி கூடினால், அந்தப் பெருகிய சுமை முழுவதும் போய் விழுவது பின் அச்சுத் தண்டிலும் எண்பது வருடத்துக் கியர் பற்களிலும். யுத்தக்கால ஜீப்பின் கியர்பொக்ஸ் சின்னது. டீசலோடு நெடுநாள் ஒத்துவராது. அதனால் தெரிந்தவர்கள் மிட்சுபிஷி என்ஜினை அதன் கியர்பொக்ஸோடு சேர்த்தே வாங்குகிறார்கள். தனி என்ஜின் வாங்கியவர்கள் லேத் பட்டறையில் நடுவே வைக்கும் தகடு கடைந்து பொருத்துகிறார்கள். அந்தத் தகட்டின் மையம் மயிரிழை விலகினாலும் கிளட்ச் நாலு மாதத்தில் நடுங்கத் தொடங்கும். பாரம் கூடுவதால் முன் வில்லுக்கு ஒரு பட்டை சேர்க்க வேண்டும். ஆறு வோல்ட் வயரிங்கைப் பிடுங்கிப் பன்னிரண்டுக்கு மாற்ற வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். ஏற்றத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது காற்று வராது, விசிறிதான் கதி.

எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. வில்லிஸில் இருப்பது ஒன்பது அங்குல டிரம், நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்த் தொடர். எங்கே ஒழுகினாலும் நாலும் போச்சு. அமெரிக்க இராணுவம் அந்த வண்டிக்கு வைத்த பாரத்துக்கு அது கணக்காக இருந்தது. அதில் இரும்புக் குண்டு மாதிரி டீசலை வைத்து, பின்னால் எட்டுப் பேரை ஏற்றி, மழை நேரத்தில் அரநாயக்கப் பக்கத்து இறக்கத்தில் விடுகிறவர் துணிச்சல்காரர் இல்லை, விளங்காதவர். இரட்டைத் தொடர் மாஸ்டர் சிலிண்டரும் முன்பக்க டிஸ்க்கும் ஜப்பான் வண்டிகளிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். பிரேக்கை இலகுவாக்கும் சேர்வோவுக்கு வேண்டிய வெற்றிடக் காற்றைக் கொடுக்கும் பம்ப்கூட ஜப்பான் டீசல்களின் ஆல்டர்நேட்டரோடு ஒட்டியே வருகிறது. என்ஜினோடு சேர்த்து வாங்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வட அமெரிக்க என்ஜின் என்றால் இந்த மாவட்டத்துக்கு ஜீப்பைவிடப் பெரிய ஒன்றும் தெரியும். றம்புக்கனை ஸ்டேஷனில் நின்று கேட்டவர்களுக்குப் புரியும். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா கொடுத்த எம்-2 ரயில் என்ஜின்கள் ஜெனரல் மோட்டர்ஸ் வார்ப்பு. 'ஒன்டாரியோ', 'அல்பெர்ட்டா' என்று கனடா மாகாணங்களின் பெயர் தாங்கியவை. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்குக் கடும் ஏற்றம் தொடங்குகிறது. கண்டி ரயிலை அவை அதில் இழுத்துப் போயிருக்கின்றன. பன்னிரண்டு சிலிண்டர், 1,425 குதிரைவலு. ஒவ்வொரு சிலிண்டரும் 567 கன அங்குலம். ஜி.டி.ஓ. காரின் எட்டு சிலிண்டரும் சேர்ந்தே 389தான் என்று ஞாபகப்படுத்துகிறேன். இந்த வகை ரயில் என்ஜினுக்கும் தரமுயர்த்தும் வழி உண்டு. பிளொக்கை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே சிலிண்டர், பிஸ்டன், ஹெட் மூன்றையும் ஒரு தொகுதியாகக் கழற்றி, பின்னால் வந்த 645 கன அங்குலத் தொகுதியைப் போடலாம். வடிவமைத்தவர் அடுத்த தலைமுறையையும் யோசித்து இடம் விட்டு வைத்தால் மெக்கானிக் எதையும் வெட்டி ஒட்டத் தேவையில்லை.

டீசல் மலிவு என்ற கணக்கில் என்ஜின் மாற்றியவர்களுக்கு 2022 ஒரு அடி கொடுத்தது. அந்த வருடம் மார்ச் நடுவில் பெற்றோல் லீற்றர் 254 ரூபா, டீசல் 176. ஏப்ரல் 18 இரவு பெற்றோல் 338, டீசல் 289 என்று கூட்டினார்கள். மறுநாள் றம்புக்கனையில் எரிபொருள் கேட்டு மறியல் செய்த சனத்தின் மீது பொலிஸ் சுட்டது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். விலை அதோடும் நிற்கவில்லை. ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. எழுபத்தெட்டு ரூபாவாக இருந்த இடைவெளி பத்து ரூபாவாகச் சுருங்கியது. அதற்குப் பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நாட்களில் டீசல் ஜீப் வைத்திருந்தவருக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல், அதே 20 லீற்றரில் பெற்றோல் ஜீப்பைவிடக் கூடத் தூரம் போகலாம் என்பது. மேல் டிவிஷன் லயத்திலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு இறக்க, முச்சக்கர வண்டி ஏறாத பாதையில் வேறு எது போகும்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. கராஜ்களுக்கும் வேலைக்குக் குறைவில்லை. கூடவே கடதாசித் தொல்லையும் கூடியது. பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கம் ஒன்று, வண்டியில் இருப்பது வேறொன்று என்றால் விற்கும்போது மாட்டும், காப்புறுதி கேட்கும்போதும் மாட்டும். மாற்றிய என்ஜினின் இலக்கத்தோடு பெற்றோல் டீசலான விஷயமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாக வேண்டும். என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தொலைத்தவர்களின் கதை நீளமானது. வண்டியின் அடையாளம் கடைசியில் அடிச்சட்டகத்தில் வெட்டிய சேசிஸ் இலக்கமும் நம்பர் தகடும்தான். தகட்டில் ஆங்கில எழுத்து இருந்தால் ஒரு விலை, ஸ்ரீ இருந்தால் ஒரு விலை. 1957இல் வந்த அந்தச் சிங்கள ஸ்ரீயை எதிர்த்துத் தார் பூசிய போராட்டம் 1958இல் மலையகம் வரைக்கும் பரவியது. இன்று அதே ஸ்ரீ தகட்டைப் பளபளவென்று துடைத்து, 'பழைய ஸ்ரீ நம்பர்' என்று விளம்பரத்தில் முதல் வரியாகப் போடுகிறார்கள். நம்மவர்களும்தான்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருகிறவர்கள் டீசலைக் கழற்றிவிட்டுப் பழைய கோ டெவிலைத் திரும்ப வைத்துத் தரக் கேட்கிறார்கள். சேகரிப்பவர்களுக்கு அது வேண்டும். கல்யாணத்துக்குப் பழைய வண்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் வேண்டும். பாஸின் கராஜ் மூலையில் சாக்கு மூடிய பிளொக் ஒன்று கிடந்தது. அவருடைய அப்பா காலத்தில் கழற்றிப் போட்டதாம். பழைய இரும்புக்காரன் நிறுத்து எடுக்க வந்தபோது விலை படியாமல் தப்பியது. போன மாதம் ஒருவர் அதைக் கேட்டு வந்து, பாஸ் சொன்ன விலைக்கு வாய் திறக்காமல் தலையாட்டிவிட்டாராம். "நான்தான் கொறச்சிச் சொல்லிட்டன் போல" என்று சிரித்தார்.

"பெற்றோல் என்ஜினோட அது மலை ஏறுமா பாஸ்?" என்றேன்.

"ஏறும். ஏன் ஏறாது? ஆனா அதுக்கு இப்ப வேல டவுன்ல. மாப்பிள்ள பொண்ண ஏத்திப் படம் புடிக்க. பொண்ணு வீடு மேல் டிவிஷன்னா, படம் புடிச்சி முடிய அத கீழ நிப்பாட்டிட்டு, நம்ம டீசலத்தான் கூப்பிடுறாங்க."

பையன் வெட்டிய சம்பைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்கு நடந்தான்.